பிள்ளையின் பையில் கத்தி வேண்டுமா? அம்மாவும் அப்பாவும் சேர்ந்து முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

ட்யூஷன் முடிந்து இரவு 8 மணிக்குத் தெருவில் தனியாக நடந்து வருகிறாள் மகள். பஸ்ஸில் நாலு பேர் தினமும் முறைத்துக்கொண்டே வருகிறார்கள் என்கிறான் மகன். "கையில சின்னதா ஒண்ணு இருக்கட்டுமே, ஒரு தைரியத்துக்கு" என்கிறார் வீட்டில் ஒருவர். "பிள்ளை கையில கத்தியா? பேசாம இருங்க" என்கிறார் மற்றவர். பேச்சு அதோடு நின்றுபோகிறது. இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை மூன்றாம் நாள் காய் நறுக்கும் கத்தியையோ பேப்பர் கட்டரையோ பென்சில் பாக்ஸில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறது.

தமிழ்நாட்டில் 12 முதல் 18 வயது வரை பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறோம். எங்கள் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: தற்காப்புக்கு என்று எந்தக் கத்தியும் பையில் போகக் கூடாது. ஆனால் "கூடாது" என்ற ஒற்றைச் சொல்லோடு எழுந்து போகிற பெற்றோரும் பாதி வேலையைத்தான் செய்கிறார். கத்தி கொடுக்கலாம் என்பவருக்கு இருக்கும் பயம் நிஜமானது. அதற்குப் பதில் தேடாமல் கத்தியை மட்டும் வாங்கி வைத்தால் அது வேறு வழியாகப் பைக்குள் திரும்பிவிடும்.

முதல் வேலை: பிள்ளை இல்லாத நேரத்தில் இரண்டு பேரும் உட்காருவது

ஆளுக்கு ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: எதற்குப் பயப்படுகிறேன், எந்த இடத்தில், எந்தக் கிழமை எத்தனை மணிக்கு, யாரால். "காலம் கெட்டுக் கிடக்கு" என்பது இங்கே பதிலாகாது. "செவ்வாய், வியாழன் ராத்திரி 8 மணி, டாஸ்மாக் கடைக்குப் பக்கத்துச் சந்து, விளக்கு எரியாது" என்று எழுதினால் அது பதில். பிறகு தாள்களை மாற்றிப் படியுங்கள். கத்தி வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் அதே சந்தைத்தான் எழுதியிருப்பார்கள் என்பது பல வீடுகளில் அப்போதுதான் தெரியவரும். சந்துக்கு என்ன செய்யலாம் என்று பேசுவது கத்தியைப் பற்றிச் சண்டை போடுவதைவிட எளிது.

அன்றே மூன்று உடன்பாடுகள் வேண்டும். முடிவு வரும்வரை எந்தக் கூரான பொருளும் வீட்டைத் தாண்டக் கூடாது. மற்றவருக்குத் தெரியாமல் யாரும் எதையும் வாங்கித் தரக் கூடாது. "உங்கப்பாவுக்கு என்ன தெரியும்", "உங்கம்மா எல்லாத்துக்கும் பயப்படுவா" என்ற பேச்சு பிள்ளை காதில் விழக் கூடாது. இதைத் தாத்தா பாட்டிக்கும் மாமாவுக்கும் சொல்லிவிடுங்கள். ஊர்த் திருவிழாவில் வாங்கிய பேனாக்கத்தி பேரனுக்கு அன்போடு வந்து சேர்வது அடிக்கடி நடக்கிற ஒன்று.

கத்தியே ஆகாது என்று நாங்கள் சொல்லவில்லை. 12 வயதுப் பிள்ளைக்கு வெங்காயம் நறுக்கவும், மாங்காய் சீவவும், தேங்காய்க் கீற்றை நெம்பி எடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். சாரணர் முகாமுக்கு மடக்குக் கத்தி கேட்டால், பொறுப்பாசிரியருக்குத் தெரிவித்துவிட்டு முகாம் பையில் வைத்து அனுப்பலாம். திரும்பி வந்ததும் அது அலமாரிக்குப் போக வேண்டும். கையில் எடுப்பதற்கான வேலை தெரிந்தால் அது கருவி. "யாராவது வந்தால் எடுப்பேன்" என்று வைத்திருந்தால் அது ஆயுதம், நீளம் 2 அங்குலமாக இருந்தாலும்.

இரண்டாவது: பிள்ளையிடம் கேட்பது

எதிரெதிரே உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். ஸ்கூட்டரில் போகும்போது, துணி மடிக்கும்போது, கடைக்கு நடக்கும்போது கேளுங்கள். முகம் பார்க்காமல் பேசும்போது இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வாய் திறக்கும். "வர்ற வழியில எந்த இடம் வந்தா நடையை வேகமாக்குவே?" என்பது நல்ல கேள்வி. "உன் கிளாஸ்ல யாராவது பையில ஏதாவது வச்சிருக்காங்களா?" என்பதும் நல்ல கேள்வி, ஏனென்றால் பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்லாததை நண்பனைப் பற்றிச் சொல்லும். "யாரு அவன்? பேரைச் சொல்லு, நான் பார்த்துக்கிறேன்" என்று ஆரம்பித்தால் உரையாடல் அந்த நொடியே முடிந்தது. அப்பா போய் அடிப்பார், அவமானமாகும், அடுத்த நாள் இன்னும் மோசமாகும் என்றுதான் பிள்ளை கணக்குப் போடும்.

வரும் பதிலைப் பொறுத்து வழி மாறும். தெரியாத ஆளைக் கண்டு பயம் என்றால் பாதை, நேரம், துணை ஆகியவற்றை மாற்ற வேண்டும். பஸ் நெரிசலில் கை வைக்கிறார்கள் என்றால் குரலும் நடத்துநரும். தெரிந்த ஒருவன் பின்தொடர்கிறான், போனில் தொந்தரவு செய்கிறான் என்றால் ஆதாரமும் புகாரும். தெரிந்தவர் என்ற பட்டியலில் பக்கத்து வீடு, உறவு, ட்யூஷன் எல்லாம் வரும். பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களில் பெரும்பாலானவற்றைச் செய்பவர் பிள்ளைக்குத் தெரிந்த ஆள்தான். இருட்டுச் சந்துக்காக வாங்கிய கத்தி அங்கே எதற்கும் உதவாது.

மகன்களிடம் வரும் பதில் பெரும்பாலும் வேறு. "அவனுங்க கிட்டயும் இருக்கு" என்பார்கள். வகுப்புத் தகராறு, சாதிப் பெயர் சொல்லிச் சீண்டல், கையில் கட்டும் கயிற்றின் நிறம், ஸ்டேட்டஸில் போட்ட பாட்டு என்று தொடங்கி ஆளுக்கொரு குழுவாகப் பிரிந்து நிற்பார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் 2 மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவை பள்ளியில் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் 8-ஆம் வகுப்பு மாணவன் பையில் அரிவாளோடு வகுப்புக்கு வந்து சக மாணவனை வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. இப்படிப்பட்ட பகையில் உங்கள் பிள்ளையும் கத்தி எடுத்துப் போனால் அது காப்பு ஆகாது. எதிர்த்தரப்புக்கு அரிவாள் எடுக்கக் காரணம் கிடைக்கும். அன்றைக்கே தலைமை ஆசிரியரைப் பாருங்கள், எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்புப் பெற்றோரைத் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டாம், பள்ளியில் வைத்தே சந்தியுங்கள். பள்ளி அசையவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098.

பையில் ஏற்கெனவே இருந்தால்

கதவருகே நின்று கத்தாதீர்கள். பையிலிருந்து எடுத்து, அலகை இரண்டு அட்டைத் துண்டுகளுக்கு நடுவே வைத்து டேப் சுற்றி, பூட்டிய அலமாரியில் வையுங்கள். அன்று பிள்ளையை ஒருவர் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டு அழைத்து வர வேண்டும். கத்தி வைத்திருந்ததற்குக் காரணம் அந்த வழியில்தான் இருக்கிறது. கத்தி இல்லாமல் அதே வழியில் தனியாக அனுப்பினால், "உன் பயம் எங்களுக்கு முக்கியமில்லை" என்றுதான் பிள்ளைக்குக் கேட்கும்.

அதில் ரத்தக்கறை இருந்தாலோ, யாருக்கோ காயம் என்று தெரிந்தாலோ நிலைமை வேறு. கழுவாதீர்கள், ஒளிக்காதீர்கள், கிணற்றில் போடாதீர்கள். தடயத்தை அழிப்பது தனிக் குற்றம், அதில் பெற்றோரும் மாட்டுவார்கள். தேசிய சட்டப் பணிகள் உதவி எண் 15100-க்கு அழைத்தாலோ, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனாலோ இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். அவரோடு சேர்ந்து அடுத்த அடியை எடுங்கள்.

மூன்றாவது: கத்தி ஏன் காப்பாற்றாது

"கொடுக்கலாம்" என்று சொல்லும் பெற்றோருக்கு இந்தப் பகுதியைப் பொறுமையாக விளக்குங்கள். "வன்முறை தப்பு" என்ற உபதேசம் அவரிடம் எடுபடாது. கத்தி கையில் என்ன ஆகிறது என்பது எடுபடும்.

பைக்குள் இருக்கும் கத்தியை எடுக்க ஜிப்பைத் திறக்க வேண்டும், துழாவ வேண்டும், மடக்குக் கத்தி என்றால் விரிக்க வேண்டும். திடீரென்று பயம் பிடித்தால் இதயம் படபடக்கும், விரல் நடுங்கும். ஊசியில் நூல் கோக்கிற மாதிரியான சின்ன வேலைகள் எதுவும் விரலுக்கு வராது. பிடித்து இழுக்கும் ஆள் அதுவரை காத்திருக்க மாட்டான். எடுத்துவிட்டாலும் கத்திக்கு எட்டும் தூரம் கை நீளம்தான். ஓடித் தப்பிக்க வேண்டிய பிள்ளையை அது ஆளின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. எதிராளி எடையில் 20 கிலோ கூடுதல் என்றால் சில நொடிகளில் கத்தி கை மாறும்.

சமையலறைக் கத்திக்குப் பிடிக்கும் அலகுக்கும் இடையே தடுப்பு கிடையாது. வியர்வையோ ரத்தமோ பட்டுக் கை வழுக்கினால் விரல்கள் அலகின் மேல் ஏறும், பிடித்தவரின் கையே கிழியும். கட்டர் அலகு உடைவதற்கென்றே கோடு போட்டுச் செய்தது, அழுத்தினால் ஒடிந்து எங்கோ தெறிக்கும்.

இன்னொரு நம்பிக்கை பையன்களிடம் பரவலாக இருக்கிறது: "தொடையில குத்தினா சாக மாட்டான், பயந்துடுவான்." தொடையின் உள்பக்கம் ஓடும் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். காட்டி மிரட்ட மட்டும் என்று எடுத்த கத்தியும் தள்ளுமுள்ளில் எங்கே இறங்கும் என்பது எடுத்தவர் கையில் இல்லை.

நான்காவது: சட்டத்தில் என்ன இருக்கிறது

"9 அங்குலத்துக்குக் கீழே இருந்தா சட்டப்படி ஒண்ணும் பண்ண முடியாது" என்று கடைக்காரரே சொல்வார். இதில் பாதிதான் உண்மை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி வகைகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்த கருவிகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த அளவு ஆயுதச் சட்டத்துக்கு மட்டும்தான். கத்தியால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 118-ஆம் பிரிவு வந்து நிற்கும், அதற்கு அலகின் நீளம் ஒரு பொருட்டே இல்லை. சாதாரணக் காயத்துக்கு 3 ஆண்டு வரை சிறை. கொடுங்காயம் என்றால் குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள்.

தற்காப்பு உரிமை அதே சட்டத்தின் 34-இலிருந்து 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து, கொடுங்காயம், பாலியல் வன்முறை, கடத்தல், ஆசிட் வீச்சு போன்ற தாக்குதல்களில் எதிராளியின் உயிரே போனாலும் அது குற்றமாகாத நிலை உண்டு. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. ஆபத்து நீங்கியதும் உரிமையும் நீங்கும். ஓடுகிறவனைத் துரத்திப் போய்க் குத்தினால் அது தற்காப்பு இல்லை. முன்கூட்டியே தகராறு இருந்து, கத்தியை வீட்டிலிருந்து எடுத்துப் போயிருந்தால், "தற்காப்புக்காகத்தான்" என்று நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதை எந்த வழக்கறிஞரும் சொல்வார்.

18 வயதுக்குக் கீழ் என்றால் இளைஞர் நீதிச் சட்டம் 2015 பொருந்தும். போலீஸ் லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். "சின்னப் பையன், ஒண்ணும் ஆகாது" என்று நம்புவது மட்டும் வேண்டாம். 16 வயது முடிந்தவர் கொடிய குற்றத்தில் சிக்கினால், பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் முதலில் ஆராயும்.

ஐந்தாவது: கத்திக்குப் பதில் என்ன

பாதையிலிருந்து தொடங்குங்கள். பிள்ளை நடக்கும் அதே நேரத்தில், அதே வழியில், பெற்றோரில் ஒருவர் ஒரு முறை கூட நடக்க வேண்டும். பகலில் நடந்து பார்த்தால் இருட்டுத் தெரியாது. வழியில் அந்த நேரத்தில் திறந்திருக்கும் 3 இடங்களைக் குறியுங்கள்: மெடிக்கல் ஷாப், டீக்கடை, பெட்ரோல் பங்க், எதுவானாலும் ஆள் இருக்க வேண்டும். உள்ளே போய் அறிமுகப்படுத்துங்கள்: "அண்ணே, இது எம் பொண்ணு. வழியில ஏதாவதுன்னா இங்க வந்து நிப்பா, எனக்கு ஒரு போன் போட்டுருங்க." ஒரு பைசா செலவில்லாத இந்த வேலை, நாங்கள் இங்கே சொல்லப்போகும் எல்லாக் கருவிகளையும்விடப் பெரியது. விளக்கு எரியாத கம்பத்தில் எண் எழுதியிருக்கும். அதைக் குறித்து மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ புகார் கொடுங்கள். ட்யூஷன் ஆசிரியரிடம் பேசி அரை மணி முன்னதாக விடச் சொல்லுங்கள், அல்லது அதே திசையில் போகும் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்து அனுப்புங்கள். இரண்டு காதிலும் இயர்போன் வேண்டாம்.

குரலுக்கும் பயிற்சி வேண்டும். பிள்ளைகளுக்கு, முக்கியமாக "சத்தம் போடாதே" என்று சொல்லி வளர்த்த பெண் பிள்ளைகளுக்கு, தெருவில் கத்த வாய் வராது. மொட்டை மாடியில் சத்தம் போட்டுப் பழகட்டும். என்ன கத்துவது என்பதும் முக்கியம். பொதுவாக "காப்பாத்துங்க" என்றால் எல்லோரும் எல்லோரையும் பார்ப்பார்கள். "நீலச் சட்டை போட்ட இந்த ஆள் என் பின்னாடியே வர்றான்!" என்றால் எல்லாக் கண்ணும் நீலச் சட்டைமேல் விழும். அடுத்து ஒருவரைக் கை காட்டி, "அக்கா, நீங்க 112-க்கு போன் பண்ணுங்க" என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

பஸ்ஸில் என்றால் முதல் சத்தம் நடத்துநரை நோக்கி. 2022-இல் திருத்திய தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளின்படி, பெண் பயணிக்குத் தொல்லை கொடுப்பவரை நடத்துநர் இறக்கிவிடலாம், காவல் நிலையத்தில் ஒப்படைக்கவும் செய்யலாம். ஊக்கு வைத்துக் குத்துவது அம்மாக்கள் காலகாலமாகச் சொல்லிக் கொடுத்த வழி. அதைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஆனால் நெரிசலில் குத்து வாங்குவது தப்பான ஆளாகவும் இருக்கலாம், செய்தவனோ கூட்டத்துக்குள் நழுவிவிடுவான். சத்தம் போட்டால் அவனை எல்லோரும் பார்த்துவிடுவார்கள்.

அலாரம். பின்னை இழுத்தால் அலறும் சாவிக்கொத்து அளவுக் கருவி. 120 டெசிபலுக்கு மேல் இருப்பதை வாங்குங்கள். பைக்குள் போடாமல் தோள்பட்டை வாரில், பழக்கமான கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். பின்னை இழுத்ததும் அலாரத்தை ஒரு பக்கம் தூக்கி எறிந்துவிட்டு மறுபக்கம் ஓட வேண்டும். அந்தப் பின் பிள்ளையின் கையில் இருப்பதால் அலாரத்தை எளிதில் நிறுத்த முடியாது. இதில் வழக்கமாகத் தப்பாகப் போவது பேட்டரி. மாதம் ஒரு முறை அரை விநாடி இழுத்துப் பாருங்கள். கருவி வாங்க முடியாவிட்டால் உள்ளே உருண்டை இல்லாத பிளாஸ்டிக் விசில் போதும். உருண்டை உள்ளது எச்சிலில் மாட்டிக்கொள்ளும்.

போனில் அவசர அழைப்பு 112. பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனை 3 அல்லது 5 முறை வேகமாக அழுத்தினால் அவசர அழைப்பு போகும், மாடலுக்கு மாடல் மாறும். பட்டன் போனில் 5 அல்லது 9 எண்ணை நீண்ட நேரம் அழுத்த வேண்டும். செட்டிங்ஸில் போய் உங்கள் போனுக்கு எது என்று பாருங்கள், சோதனைக்காக நிஜ அழைப்பு போட வேண்டாம். தமிழ்நாடு காவல் துறையின் காவல் உதவி செயலியையும் நிறுவுங்கள். அதன் சிவப்பு பட்டன் இருக்குமிடத்தோடு கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் அனுப்பும். பெண்கள் உதவி எண் 181. இந்த எண்களைப் பிள்ளை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும், அம்மா அப்பா எண்களும் சேர்த்து. போன் பறிபோனால் எண் தலையில்தான் இருக்க வேண்டும்.

பெப்பர் ஸ்ப்ரே. இதில்தான் வீடுகள் அதிகம் ஏமாறுகின்றன. இந்தியாவில் வாங்க உரிமம் தேவையில்லை, ஆனாலும் 16 வயதுக்குக் கீழ் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பள்ளிப் பையிலும் வேண்டாம், ஏனென்றால் பெஞ்சுக்கடியில் யாரோ விளையாட்டுக்கு அழுத்தினால் முழு வகுப்பும் இருமிக்கொண்டு வெளியே ஓடும், ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அது ஆபத்து. ட்யூஷனுக்கும் கல்லூரிக்கும் தனியாகப் போய்வரும் பிள்ளைக்குக் கொடுக்கலாம். டப்பாவைப் பொறுத்து 2 முதல் 3 மீட்டர் எட்டும். எதிர்க்காற்றில் அடித்தால் தன் முகத்துக்கே திரும்பும். ஆட்டோவுக்குள்ளும் லிஃப்டுக்குள்ளும் அடித்தால் இரண்டு பேருக்கும் கண் எரியும், திறக்க முடியாது. வாங்கியதும் திறந்த வெளியில், காற்று முதுகில் படும்படி நின்று, அரை விநாடி அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்பது விரலுக்குத் தெரிந்துவிடும். நிஜத்தில் அடிக்கும்போது கண் மட்டத்தில் ஒரு காதிலிருந்து மறு காதுவரை, 1 விநாடி. அடித்ததும் பக்கவாட்டில் நகர்ந்து ஓட வேண்டும், நின்று பார்க்கக் கூடாது. மே மாத வெயிலில் ஸ்கூட்டர் டிக்கிக்குள் விட்டுவைக்காதீர்கள், அழுத்தம் நிறைந்த டப்பா அது. காலாவதித் தேதியைப் பாருங்கள், பொதுவாக 2 முதல் 3 ஆண்டு. தன் மேல் பட்டால் கண்ணைக் கசக்காமல் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். வாய்ச்சண்டையில் இதை எடுத்து அடித்தால் அதுவும் குற்றம்தான். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத ஒரு தகராறில் பெப்பர் ஸ்ப்ரே அடித்த வழக்கை ரத்து செய்ய 2024-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது, அதை ஆபத்தான ஆயுதம் என்றே சொன்னது.

மிளகாய்ப்பொடிப் பொட்டலம் வேண்டாம். கை நீளத்தைத் தாண்டாது, பாதி தன் கண்ணில் விழும்.

உடல் பயிற்சி. சிலம்பம், கராத்தே, ஜூடோ எதுவானாலும் வாரம் 2 வகுப்பு, குறைந்தது 6 மாதம். கிடைப்பது மூச்சும் நிதானமும், விழுந்தாலும் எழும் பழக்கமும். "3 நாளில் தற்காப்பு" முகாமில் கற்றது 3 வாரத்தில் மறந்துபோகும். வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். கத்தியைக் கையால் பிடுங்குவது எப்படி என்று பிள்ளைகளுக்குக் காட்டும் இடமானால் வேறு இடம் பாருங்கள். வீட்டில் கற்றுக்கொடுக்க இரண்டு போதும். மணிக்கட்டைப் பிடித்தால், பிடித்தவனின் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேரும் இடம்தான் பலவீனம். கையை அந்தப் பக்கம் திருப்பி, முழங்கையை மடக்கி, உடலோடு சேர்த்து இழுக்க வேண்டும். முடியைப் பிடித்தால் அவன் கையை இரண்டு கையாலும் தலையோடு சேர்த்து அழுத்தினால் இழுப்பின் வலி குறையும், அந்த நேரத்தில் கத்தலாம், முட்டியில் உதைக்கலாம்.

எதிரில் இருப்பவன் கத்தி காட்டினால் போனோ செயினோ பையோ கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு பக்கம் வீசிவிட்டு மறுபக்கம் ஓடுவது இன்னும் நல்லது. ஓட வழியே இல்லையென்றால் புத்தகப் பையை மார்புக்கு முன்னால் பிடிக்கலாம். "போன் போனா திட்ட மாட்டோம்" என்பதை இன்றே சொல்லிவிடுங்கள். திட்டுக்குப் பயந்து போனை விடாமல் பிடித்து வெட்டு வாங்கிய பிள்ளைகள் உண்டு.

யாருக்காவது வெட்டுக் காயம் பட்டால்: 108. சுத்தமான துணியை, துப்பட்டாவானாலும் சரி, காயத்தின் மேல் வைத்து முழு எடையோடு அழுத்த வேண்டும், எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. உள்ளே குத்தி நிற்கும் கத்தியை உருவவே கூடாது.

பின்தொடரும் தெரிந்த ஆளுக்கு

எந்தக் கருவியும் இங்கே வேலை செய்யாது, புகார்தான் வழி. மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதி, நேரம், இடம், பார்த்தவர் யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையைப் பாலியல் நோக்கத்தோடு திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் போனில் தொடர்புகொள்வதும் போக்சோ சட்டத்தின் கீழ் குற்றம், 3 ஆண்டு வரை சிறை. பெற்றோரைத் தடுப்பது "பேர் கெட்டுப்போகும்" என்ற பயம். அந்தச் சட்டத்தில் இதற்கும் வழி உண்டு: பிள்ளையின் பெயரை வெளியிடக் கூடாது, வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ எடுக்க வேண்டும், எடுக்கும் அதிகாரி சீருடையில் வரக் கூடாது, பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். "இது எங்க எல்லை இல்லை" என்றால், எந்த நிலையத்திலும் புகாரைப் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது இப்போது சட்டமே. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தருவார்கள், கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக: ஒரு தாளில் எழுதி, மாதம் ஒரு முறை பார்ப்பது

இப்போது மூன்று பேரும் உட்காரலாம். பையில் கூரான எதுவும் போகாது என்பது பிள்ளையின் பக்கம். இரவு எத்தனை மணிக்கு அழைத்தாலும் கேள்வி கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வருவோம் என்பது பெற்றோரின் பக்கம். இரண்டையும் அதே தாளில் எழுதுங்கள். கத்தி வேண்டும் என்று சொன்ன பெற்றோரே பாதையையும் அலாரத்தையும் பார்த்துக்கொள்ளட்டும். அவர் பயம் வேலையாக மாறினால், திரும்பவும் கத்திப் பேச்சு வராது.

மாதத்தின் முதல் ஞாயிறு 10 நிமிடம் போதும். அலாரத்தை இழுத்துப் பாருங்கள், ஸ்ப்ரே தேதியைப் பாருங்கள், பின்னை இழுத்து எறிந்து ஓடுவதை மாடியில் 3 முறை செய்யட்டும். பொதுத்தேர்வு நெருங்கும்போது ஸ்பெஷல் கிளாஸ் வைத்து நேரம் மாறும். 7 மணிக்குத் திறந்திருந்த மெடிக்கல் ஷாப் 9 மணிக்கு மூடியிருக்கும். அந்த வாரமே பிள்ளையோடு இன்னொரு முறை நடந்து, புதிதாக 3 இடம் குறியுங்கள்.